மிதிவண்டி ஓட்டுகையில் கை மரத்துப் போவதேன்?

அம்பாங்கிலிருந்து உலு லங்காட்டை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலை மிதிவண்டியோட்டிகளுக்கு நன்கு பழக்கமானது. வார இறுதி நாள்களில் பொழுது புலரும் முன்பே அங்கு மிதிவண்டிகளின் விளக்குகள் மின்னத் தொடங்கிவிடும். மேட்டில் நின்று பார்த்தால் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரம் தொலைவில் தெரியும். காட்டுப்பாதையை விரும்புவோரோ மலைமிதிவண்டியுடன் புக்கிட் கியாரா போன்ற இடங்களை நாடிச் செல்கின்றனர். அங்கே மர வேர்களும் கற்களும் மழையில் குழைந்த மண்ணும் அவர்களின் திறமையைச் சோதிக்கின்றன.

இவ்விரு வகையினரும் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல் ஒன்று உண்டு. ஓட்டத் தொடங்கிச் சிறிது நேரத்தில் விரல்களில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றும்; பிறகு விரல்கள் மரத்துப் போகும். கையை இரண்டு முறை உதறிவிட்டுப் பயணத்தைத் தொடர்வோரே அதிகம். ஆனால், மலைச்சரிவில் இறங்கும்போது பிரேக்கைப் பிடிப்பவை அந்த விரல்களே. உணர்வு குன்றிய விரலால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைச் சரியாக அறிய முடியாது. சற்று மிகுதியாக அழுத்தினால் சக்கரம் வழுக்கும். குறைவாக அழுத்தினால் வளைவில் வேகம் அடங்காது. எனவே, கை மரத்துப் போவதைச் சிறு தொல்லையாகக் கருதிப் புறக்கணிக்கக் கூடாது.

இரத்த ஓட்டம் தடைபடுவதுதான் இதற்குக் காரணம் என்று பலர் எண்ணுவதுண்டு. பெரும்பாலும் உண்மைக் காரணம் நரம்பு அழுத்தப்படுவதே ஆகும். முழங்கை மேசை விளிம்பில் இடிபட்டால் சுண்டு விரல் வரை ‘சுரீர்’ என்று மின்சாரம் பாய்வது போலிருக்கும். அவ்வாறு உணர்த்துவது அல்நார் நரம்பு ஆகும். அது முழங்கையைக் கடந்து, மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கமாக ஒரு குறுகிய வழியே உள்ளங்கைக்குள் நுழைகிறது. அவ்வழியை 1861ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் குயோன் விவரித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மிதிவண்டியின் கைப்பிடி அழுத்துவது ஏறத்தாழ அதே இடத்தில்தான்.

எந்த விரல் மரத்துப் போகிறது என்பதைக் கவனித்தால், எந்த நரம்பு அழுத்தப்படுகிறது என்பதை ஊகிக்கலாம். சுண்டு விரலும் மோதிர விரலின் ஒரு பாதியும் மரத்தால், அல்நார் நரம்பு அழுத்தப்படுகிறது எனலாம். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் ஆகியவை மரத்தால், மணிக்கட்டின் நடுவே செல்லும் மற்றொரு நரம்பு பாதிக்கப்படுகிறது. மணிக்கட்டை வெகுநேரம் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடக்கி வைத்திருப்பது இதற்கு முக்கியக் காரணமாகும்.

இச்சிக்கல் புதியவர்களுக்கு மட்டும் உரியதன்று. 600 கிலோமீட்டர் தொலைவு மிதிவண்டி ஓட்டிய 25 பேரைப் பயணத்திற்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு ஒன்று 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் 23 பேருக்குக் கையில் உணர்வுக் குறைவோ தசைத் தளர்ச்சியோ காணப்பட்டது. நீண்ட கால அனுபவம் உள்ளவர்களும் இதற்கு விலக்காகவில்லை.

கை மரத்தவுடன் தடித்த கையுறை வாங்குவதே பலரின் முதல் முயற்சியாக இருக்கிறது. நல்ல கையுறை அதிர்வைக் குறைக்கும். வியர்வையால் கை வழுக்காமலும் காக்கும். எனினும், அது மூல காரணத்தை நீக்காது. கையுறை இறுக்கமாக இருந்தாலோ அதன் பஞ்சு நரம்பின் மேலேயே அழுந்தினாலோ தொல்லை கூடவும் செய்யும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உடலின் எடை எங்கே தங்கியிருக்கிறது?

மிதிவண்டியில் எடையைத் தாங்க வேண்டியவை இருக்கையும் மிதிகட்டைகளுமே. கைகளின் வேலை வழிநடத்துவது. இருக்கையின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னே சரியும். அதைத் தடுக்கக் கைகள் ஓயாமல் கைப்பிடியை உந்திக்கொண்டிருக்கும். எனவே, இருக்கையை ஏறத்தாழச் சமமட்டத்தில் வைக்க வேண்டும். கைப்பிடி மிகத் தாழ்வாகவோ எட்டாத் தொலைவிலோ இருந்தாலும் எடை உள்ளங்கையில்தான் இறங்கும். அண்ணனின் பெரிய மிதிவண்டியை இரவல் வாங்கி ஓட்டும் தம்பிக்குக் கை மரத்துப் போவது இதனால்தான். முதுகில் சுமக்கும் கனமான பையும் இந்த எடையைக் கூட்டுகிறது.

அடுத்ததாக, பிரேக் பிடியின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். விரலைப் பிரேக்கின் மேல் வைக்கும்போது முன்கையும் மணிக்கட்டும் புறங்கையும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். மணிக்கட்டு மடங்கினால், திருகாணியைத் தளர்த்திப் பிரேக் பிடியைச் சற்றே திருப்பி மீண்டும் இறுக்கிவிடலாம். உள்ளங்கையின் ஓரத்தைத் தாங்கும் அகன்ற கைப்பிடி உறையும் அழுத்தத்தைப் பரவலாக்க உதவும்.

அதிர்வும் நரம்பைச் சோர்வடையச் செய்யும். டயரில் காற்று அளவுக்கு மிஞ்சினால் ஒவ்வொரு வேரும் கல்லும் நேராக உள்ளங்கையில் இடிக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள அளவுக்குள், உடல் எடைக்கும் பாதைக்கும் ஏற்பக் காற்றை நிரப்புவது நல்லது.

ஓட்டும் முறையும் மாற வேண்டும். அச்சத்தில் கைப்பிடியை இறுகப் பற்றுவது இயல்பு. ஆயினும், பிடி இறுக இறுக அதிர்வு கைக்குள் மிகுதியாகப் பாயும். வழுக்காத அளவுக்குப் பற்றினால் போதும். முழங்கைகளைச் சற்றே மடக்கி வைத்தால் அவை அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும். இறக்கத்தில் இரு மிதிகட்டைகளையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நின்றால், எடை கால்களுக்கு மாறும். சமமான பாதையில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை கையின் நிலையை மாற்றுவதும் நிறுத்திய இடத்தில் விரல்களை நீட்டி மடக்குவதும் பயன் தரும். வயிறு, முதுகுத் தசைகளுக்குத் தொடர்ந்து பயிற்சி அளித்தால், உடல் தன்னைத் தானே தாங்கும். கைகளின் சுமை குறையும்.

இத்தனை செய்தும் மரத்த உணர்வு மறுநாளும் நீடித்தால் மிதிவண்டிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். விரல்களை விரிக்க இயலாமை, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு தாளைக்கூட இறுகப் பிடிக்க முடியாமை, சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுதல் ஆகியவை தசை வலுவிழப்பதைக் காட்டும் அறிகுறிகள். இவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும். நரம்பு தேறுவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். பொருட்படுத்தாமல் விட்டால் பாதிப்பு நிலைத்துவிடவும் கூடும். எழுதவும் இசைக்கருவி மீட்டவும் உண்ணவும் உதவும் கை அது.

அம்பாங் என்னும் பெயர், அணை என்று பொருள்படும் ‘எம்பாங்கான்’ என்னும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாகக் கூறுவர். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. மலையேறப் புறப்படும் முன் இருக்கையையும் கைப்பிடியையும் பிரேக்கையும் டயரையும் சரிபார்க்கும் சில நிமிடங்களே கைகளைக் காக்கும் அந்த அணையாகும்.