வட்டி வேண்டாம் என்கிறோம், கணக்கும் வேண்டாமா?



நம் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வரும் மனுக்களை ரமளானுக்கு முன் உட்கார்ந்து வகை பிரிப்பது வழக்கம். மருத்துவம், கல்விக் கட்டணம், குமர்க் காரியம் என்று தனித்தனிக் கட்டாக வைப்போம். இந்த ஆண்டு புதிதாக ஒரு கட்டு சேர்ந்தது. மாதச் சம்பளம் வாங்குபவர், வளைகுடாவில் இருபது ஆண்டு உழைத்துத் திரும்பியவர், கணவர் பெயரில் வங்கியில் பணம் இருந்தும் எடுக்க முடியாத சகோதரி. ஏழை என்று நாம் நினைக்காத வீடுகளிலிருந்து வந்த மனுக்கள் அவை. அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது தோன்றியதை இங்கே எழுதுகிறோம்.

வட்டிக்கு அஞ்சுவது ஈமான் உள்ள உள்ளத்தின் அடையாளம். ஆனால் நம்மில் பலர் வட்டிக்கு அஞ்சி வங்கிப் படிவத்தைப் படிப்பதில்லை, பில்லைப் பார்ப்பதில்லை, முதுமைக்குத் திட்டம் போடுவதில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மதரஸா பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனைச் சாட்சியுடன் எழுதி வைப்பது பற்றியது. கணக்கு எழுதுவதை மார்க்கம் இவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்க, நம் வீடுகளில் ஒரு நோட்டுப் புத்தகம்கூட இருப்பதில்லை.

முதலில் அந்தச் சகோதரியின் விஷயம். கணவர் தம்மாமில் வேலை பார்த்தவர், ஊருக்கு வந்த இடத்தில் வஃபாத்தாகிவிட்டார். கல்யாணத்துக்கு முன் திறந்த வங்கிக் கணக்கு. நாமினியாகத் தன் தாயாரைப் போட்டிருந்தார். தாயார் இறந்து ஒன்பது ஆண்டாகியும் பெயரை மாற்றவில்லை. வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்குமாக அந்தச் சகோதரி பதினான்கு மாதம் அலைந்தார். அதுவரை பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை நம் ஜகாத் நிதியிலிருந்து கட்டினோம். "எல்லாம் அவங்கதான் பார்த்துக்கிட்டாங்க மாமா, எந்தெந்த பேங்க்ல கணக்கு இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது" என்றார்.

2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி நியமிக்கலாம். கட்டணம் கிடையாது, ஒரு படிவம் நிரப்பினால் போதும். இதில் நம் மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றையும் சொல்ல வேண்டும். நாமினி என்றால் பணத்துக்குச் சொந்தக்காரர் என்று பொருளல்ல. வாரிசுகளுக்காகப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர், அவ்வளவுதான். காப்பீட்டுப் பணத்துக்கும் இதுவே சட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் சொன்னது; ஆனால் 2015 சட்டத் திருத்தத்துக்குப் பின் காப்பீட்டில் மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் நிலை வேறு. எனவே வங்கிக் கணக்கில் மனைவியை நாமினியாகப் போட்டால் மற்ற வாரிசுகளின் பங்கு போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். தம்பியை நாமினியாகப் போட்டதால் தம்பியே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஜனாஸாச் செலவு, கடன், வஸிய்யத் போக மீதமுள்ளது ஃபராயிள் முறைப்படி பங்காக வேண்டும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையென்றால் நான்கில் ஒன்று. இதைத் தெரிந்துகொண்டே படிவத்தை நிரப்புங்கள். வீட்டில் யாரை நாமினியாகப் போட்டிருக்கிறீர்கள் என்பதை மனைவியிடம் சொல்லியும் வையுங்கள். சொல்லாமல் வைப்பதில் என்ன கௌரவம் இருக்கிறது என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதைத் தன் செலவுக்கு எடுக்காமல் தனியே கணக்கிட்டு, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பதே உலமாக்கள் பலரும் சொல்லும் வழி. அது ஜகாத்தில் சேராது. மேல் விவரத்தை இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கிரெடிட் கார்டு விஷயம் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் அதில் நாங்களே ஒரு தவறு செய்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரர் வந்தார். கடையில் வேலை, மூன்று பிள்ளைகள். "வட்டிக்கு யாரிடமும் ஒரு ரூபாய் வாங்கியதில்லை பாய்" என்று சொல்லிவிட்டு, கார்டில் 40,000 ரூபாய் பாக்கி என்றார். மாதா மாதம் தவறாமல் 2,000 ரூபாய் கட்டி வந்திருக்கிறார். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருக்கிறதே, அதைக் கட்டினால் கணக்கு சரி என்பது அவர் எண்ணம்.

நாங்கள் காகிதத்தில் போட்டுக் காட்டினோம். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 40,000-க்கு வட்டி 1,400 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 252 ரூபாய். ஆக 1,652. அவர் கட்டிய 2,000-இல் கடனுக்குப் போனது 348 ரூபாய் மட்டுமே. இப்படி ஓர் ஆண்டு முழுக்க 24,000 ரூபாய் கட்டினாலும், புதிதாக ஒரு ரூபாய்க்குக்கூட வாங்காமல் இருந்தாலும், ஆண்டு முடிவில் சுமார் 34,700 ரூபாய் பாக்கி நிற்கும். மனிதர் வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்டில் வட்டியில்லாத நாட்கள் என்று சொல்வது முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டுபவருக்கு மட்டுமே. கொஞ்சம் பாக்கி வைத்தாலும் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்காகும். அடுத்து வாங்கும் பொருளுக்கும் அந்தச் சலுகை நாட்கள் கிடைக்காது. அவசரத்துக்கு ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் அன்றே வட்டி தொடங்கும், கட்டணம் தனி. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியைப் பிடித்துக்கொண்டு அதையே வட்டிக்கு ஈடு செய்கிறார்கள். முழுத் தொகையையும் தவறாமல் கட்டுபவர் கார்டு வைத்துக்கொள்வது கூடுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் எண்ணத்தைக் கேட்டால், டெபிட் கார்டும் ஃபோனில் யு.பி.ஐ.யும் இருக்கும்போது சாதாரணக் குடும்பத்துக்கு இது தேவையில்லை.

இனி எங்கள் தவறு. அந்தச் சகோதரருக்கு 40,000 ரூபாயும் அழகிய கடனாகக் கொடுத்து கார்டை அடைக்கச் சொன்னோம். அடைத்தார், ரசீதும் கொண்டு வந்தார். கார்டை ரத்து செய்தீர்களா என்று நாங்கள் கேட்கவில்லை. பத்து மாதத்தில் அந்தக் கார்டில் மறுபடியும் கடன் ஏறிவிட்டது. நம் கடனும் பாக்கி நின்றது. ஒரு சுமையோடு வந்தவரை இரண்டு சுமையோடு அனுப்பியிருந்தோம். இப்போது கார்டு ரத்தான கடிதம் இல்லாமல் இந்த வகைக் கடன் கொடுப்பதில்லை. பாக்கியில்லாத கார்டை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டால் வங்கி ஏழு வேலை நாட்களுக்குள் செய்தாக வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஃபோனில் "சார், லிமிட்டைக் கூட்டித் தருகிறோம்" என்று பேசி மனதை மாற்றுவார்கள். அசையாமல் இருங்கள்.

அடுத்தது முதுமை. நம் ஊரில் அரசு ஓய்வூதியம் வாங்குபவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சஃபர் போய் வந்தவர்கள்தான் அதிகம். அவர்கள் கையில் வருவது மாதப் பணம் அல்ல, வேலை முடித்துக் கொடுக்கும் ஒரே தொகை. சவூதியில் முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒரு மாதச் சம்பளம் என்று அந்நாட்டுச் சட்டம் கணக்கிடுகிறது. அதோடு சேமிப்பும் சேர்த்து 20 லட்சம் ரூபாயுடன் ஒருவர் அறுபது வயதில் ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் செலவு மாதம் 20,000. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அந்தப் பணம் ஏழு ஆண்டில் தீர்ந்துவிடும். இதில் ஜகாத்தைச் சேர்க்கவில்லை; முதல் ஆண்டுக்கே 50,000 ரூபாய் ஜகாத் வரும். அது கடமை, கொடுத்தே ஆக வேண்டும், திட்டத்திலும் அதற்கு இடம் வேண்டும். பிள்ளையின் கல்யாணத்தில் ஐந்து லட்சம் போய்விட்டால் மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அச்சம் வந்தவுடன்தான் வாசலில் ஆள் வந்து நிற்கிறான். "ஹலால் முதலீடு, லட்சத்துக்கு மாதம் 3,000 நிச்சய லாபம்" என்பான். தாடியும் தொப்பியும் இருக்கும், ஸலாமும் சொல்வான். 2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஹலால் முதலீடு என்ற பெயரிலேயே வசூல் நடந்தது, போட்டவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். உரிமையாளர் துபாய்க்கு ஓடினார், அடுத்த மாதம் திரும்பியபோது கைதானார். பல்லாயிரம் குடும்பங்களின் பணம் போயிற்று.

இத்தகையவரை அடையாளம் காண அக்கவுண்டன்சி படித்திருக்க வேண்டியதில்லை, நாம் ஓதிய ஃபிக்ஹே போதும். முளாரபாவில் லாபத்தை இத்தனைக்கு இத்தனை பங்கு என்று விகிதமாகத்தான் பேச முடியும். நஷ்டம் வந்தால் முதல் போட்டவரின் முதல் குறையும். லாபம் இவ்வளவு ரூபாய் நிச்சயம் என்று ஒருவர் சொன்ன உடனேயே அது முளாரபா இல்லை என்றாகிவிட்டது. லட்சத்துக்கு மாதம் 3,000 என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். வட்டி என்று அஞ்சி விலகிய கிரெடிட் கார்டு விகிதத்துக்குப் பக்கத்தில் நிற்கும் எண் அது.

அப்படியானால் பணத்தை எங்கே வைப்பது? ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்பதே எங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. இரண்டு ஆண்டுச் செலவுக்கு உரியதை வங்கியிலேயே வைத்திருங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. பாத்திரக் கடை முதலாளியிடம் கொடுத்து வைத்த பணத்துக்கு அது கிடையாது. வாடகை வரும் சிறு வீடோ கடையோ கிடைத்தால் நல்லது, ஆனால் பத்திரமும் வில்லங்கமும் பார்க்காமல் உறவுக்காரர் சொல்லிவிட்டார் என்று வாங்க வேண்டாம். வீட்டை ஒத்திக்குப் பிடிப்பது நம் பக்கத்தில் வழக்கம். வாடகையில்லாமல் குடியிருப்பது கொடுத்த கடனுக்கான ஆதாயம் ஆகிவிடுமா என்று முதலில் இமாமைக் கேளுங்கள். மது, வட்டித் தொழில் போன்றவற்றைத் தவிர்த்த பங்குகளில் மட்டும் முதலிடும் ஷரீஅத் முறை மியூச்சுவல் ஃபண்டுகள் செபியின் அனுமதியோடு இயங்குகின்றன. ஏறும், இறங்கும். ஐந்தாறு ஆண்டு தொடத் தேவையில்லாத பணத்துக்கு மட்டுமே அது பொருந்தும். நகை ஆபத்துக்கு உதவும், மாதா மாதம் சோறு போடாது.

தோல் தொழிற்சாலையிலும் தனியார் மருத்துவமனையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று. வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் புதிய வேலைக்கு மாற்றுங்கள். ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டு சேவை சேர்ந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால், ஒரு மாதம் சந்தா கட்டியிருந்தால்கூட மனைவிக்கு விதவை ஓய்வூதியம் கிடைக்கும். இது தெரியாமல் ஒரு குடும்பம் நான்கு ஆண்டு விண்ணப்பிக்காமலே இருந்தது. சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் பி.எஃப்.பில் சேரும் கூடுதல் தொகையைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே கருதும் முஃப்திகள் பலர் உண்டு. விருப்பப்பட்டு அதிகமாகப் பிடிக்கச் சொல்வது வேறு விஷயம், அதைக் கேட்டுத் தெளிக.

வரும் மாதம் முதல் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பின் மஃரிப் வரை அலுவலகத்தில் இதற்காகவே இருவர் அமர்ந்திருப்போம். பாஸ்புக், கார்டு பில், பி.எஃப். சீட்டு, எது இருக்கிறதோ அதை எடுத்து வாருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் நல்லது. வீட்டில் காட்டாமல் வைத்திருக்கும் பில் இருந்தால் தனியாகவும் வரலாம்; அங்கே பேசியது அந்த அறையை விட்டு வெளியே போகாது. நாமினிப் படிவங்களும் அங்கே வைத்திருப்போம். நிரப்பத் தெரியாதவர்களுக்கு மதரஸா மாணவர்கள் உதவுவார்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்