வயதும் மயக்க மருந்தும்

பித்தப்பைக் கல் சத்திரசிகிச்சைக்கு முன், மயக்க மருந்து வைத்தியர் உம்மும்மாவிடம் வயதைக் கேட்டார். "அறுபத்தெட்டு" என்றார் உம்மும்மா. அடையாள அட்டையின்படி 76. வைத்தியர் சிரித்துக்கொண்டே திருத்தி எழுதினார்.

வயதை ஏன் இவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்று மாத்தளைக்குத் திரும்பியதும் தேடி வாசித்தேன். மூச்சோடு உள்ளிழுக்கும் செவோபுளூரேன் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். ஒட்சிசனுடன் கொடுக்கும்போது, தோலை வெட்டினாலும் நோயாளரில் பாதிப்பேர் அசையாதிருக்க 25 வயதில் 2.6 சதவீதம் வேண்டும். 80 வயதில் 1.4 போதும். சில மாதக் குழந்தைக்கோ 3 வேண்டும்! சின்ன உடம்புக்குக் குறைவாகவே போதும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

நாளத்தில் ஏற்றும் புரொபோபோலும் முதியோருக்குக் குறைவாகவே கொடுக்கப்படும். முதுமையில் இரத்தம் மெதுவாகச் சுற்றுவதால் மருந்து மூளையை அடையத் தாமதமாகும். இன்னும் உறங்கவில்லையே என்று அவசரப்பட்டு மேலும் ஏற்றினால் இரத்த அழுத்தம் சட்டென விழுந்துவிடும். ஒளித்த எட்டு வயது இங்கேதான் ஆபத்து.

பிறகு இரண்டு நாட்கள் உம்மும்மா என்னை உம்மாவின் பெயரால் அழைத்தார். பயந்துபோனேன். சத்திரசிகிச்சைக்குப் பின் முதியோருக்கு இப்படித் தற்காலிகக் குழப்பம் வருவதுண்டாம். மூக்குக்கண்ணாடியை அணிவித்து, தெரிந்தவர்கள் பக்கத்திலிருந்து பேசுவது உதவும். அப்படியே செய்தோம். மூன்றாம் நாள் என் பெயரையே சொல்லிப் பிளேன்டீ கேட்டார்.