பட்டறையில் உருவான சாதனை

பழைய மோட்டார்சைக்கிள்களைப் பாதுகாத்து ஓட்டுவோர் சிங்கப்பூரிலும் இருக்கின்றனர். அவர்களுக்கு அடிக்கடி ஒரு சிக்கல் எழும். வண்டியின் பாகம் ஒன்று பழுதடைந்தால், அதே பாகம் கடைகளில் கிடைப்பதில்லை. அதைத் தயாரித்த நிறுவனம் எப்போதோ உற்பத்தியை நிறுத்தியிருக்கும். அந்நிலையில் அப்பாகத்தைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு வார்த்தல், கடைதல் ஆகிய இரண்டு தொழில்கள் கைகொடுக்கின்றன.

வார்த்தல் நமக்குப் புதியதன்று. லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் நாம் காணும் நகைகள் சில மெழுகு முறையில் வார்க்கப்பட்டவை. தமிழ்நாட்டின் சுவாமிமலையில் சிற்பிகள் உலோகச் சிலைகளைச் செய்வதும் இம்முறையில்தான். முதலில் மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசுவர். சூடாக்கியதும் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். இயந்திரப் பாகங்களுக்குப் பெரும்பாலும் மணல் அச்சோ உலோக அச்சோ பயன்படுகிறது.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், ஆறும்போது சுருங்கும். ஆகவே, அச்சைத் தேவையான அளவைவிடச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். வார்த்தெடுத்த பாகத்தைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி, மிகுதியைச் சீவிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவர். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே முடியிழை அளவு இடைவெளிதான் இருக்கும். அது அதிகமானால் இயந்திரத்தின் ஆற்றல் குறையும். மிகவும் குறைந்தால், சூட்டில் விரியும் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிடும். வேகமாகச் செல்லும்போது இவ்வாறு நேர்ந்தால் பின்சக்கரம் திடீரென நின்று, ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து ஏற்படலாம்.

ஒரு பாகத்தைச் செய்வதற்கு முன், வண்டி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய வேண்டும். இதற்கு ஜி.டி. நாயுடு நல்ல எடுத்துக்காட்டு. அவர் 1893ஆம் ஆண்டு கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள கலங்கல் என்னும் ஊரில் பிறந்தார். இளம் வயதில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார்சைக்கிளைக் கண்டு வியந்தார். உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார். பிறகு, அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அவர், பின்னாளில் பேருந்துச் சேவை நடத்தினார்; மின்சார மோட்டார், சவரக் கருவி முதலியவற்றையும் உருவாக்கினார்.

பாகங்களைத் தாமே செய்வதில் புகழ்பெற்றவர் நியூசிலாந்தின் பர்ட் மன்ரோ. அவர் 1920இல் 'இந்தியன் ஸ்கவுட்' என்னும் அமெரிக்க மோட்டார்சைக்கிளை வாங்கினார். அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அதன் வேகத்தைக் கூட்ட விரும்பிய மன்ரோவிடம் பணம் அதிகம் இல்லை. எனவே, பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்துப் பிஸ்டன்களை வார்த்தார். பழைய சக்கரக் கம்பி ஒன்றை அளவுகருவியாகப் பயன்படுத்தினார். அவர் செய்த பாகங்கள் பலமுறை உடைந்தன. அவற்றை அவர் வீசிவிடவில்லை. ஓர் அலமாரித் தட்டில் அடுக்கி, 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை' என்று எழுதிவைத்தார். பிறகு, மீண்டும் உலையை மூட்டினார். வண்டியை வாங்கி 47 ஆண்டுகள் கழித்து, 1967இல், அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில் மணிக்குச் சுமார் 296 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். அப்போது அவருக்கு வயது 68.

மன்ரோ வண்டி ஓட்டியது ஆளில்லாத உப்புவெளியில். நம் சாலைகளிலோ பேருந்துகளும் பாதசாரிகளும் நிறைந்துள்ளனர். ஒரு பாகம் நடுச்சாலையில் உடைந்தால் பாதிக்கப்படுபவர் ஓட்டுநர் மட்டும் அல்லர். அதனால்தான், வண்டியில் சில மாற்றங்களைச் செய்வதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவைப்படுகிறது. அடுக்குமாடி வீட்டில் உலோகத்தை உருக்குவதும் ஆபத்தானது. அச்சில் சிறிது ஈரம் இருந்தாலும் நீராவி கிளம்பி, உருகிய உலோகம் தெறிக்கும்.

ஆயினும், இத்தொழிலைப் பாதுகாப்பாகக் கற்க இங்கு வாய்ப்புகள் உள்ளன. பள்ளியின் வடிவமைப்பு, தொழில்நுட்ப வகுப்பில் தொடங்கி, தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொடரலாம். அங்குச் செய்யும் துண்டு ஒன்று பொருந்தாமல் போனால், அதை உடனே குப்பையில் போட்டுவிடக் கூடாது. எங்கே அளவு தவறியது என்று பார்த்தால்தான் அடுத்த துண்டு சரியாக அமையும்.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. அச்சைத் தேவையான அளவைவிடப் பெரிதாகச் செய்வது ஏன்?
2. உடைந்த பாகங்களை மன்ரோ பாதுகாத்து வைத்ததிலிருந்து அவரது பண்பைப் பற்றி என்ன அறிகிறீர்கள்?
3. 'சொந்த வண்டியை விருப்பம்போல் மாற்றியமைக்க ஒருவருக்கு உரிமை உண்டு.' இக்கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணங்களுடன் விளக்குக.