வீட்டுத் தோட்டமும் ஜலச் சிக்கனமும்

பங்குனி, சித்திரை மாதங்கள் வந்துவிட்டால் கிராமத்துக் கிணறுகளில் நீர் கீழே இறங்கிவிடுகிறது. குடிநீருக்கே பெண்மக்கள் இரண்டு தெரு கடந்து குடம் சுமக்க நேரிடுகிறது. அக்காலத்தில் முதன்முதலாகக் கைவிடப்படுவது கொல்லைப்புறத்துக் கீரைப்பாத்தியே. மனிதருக்கே ஜலமில்லாதபோது செடிக்கு ஏது என்று குடும்பத்தார் எண்ணுவது இயல்பு. ஆயினும் கீரை, முருங்கை, பப்பாளி முதலியவற்றால் உடம்புக்குக் கிடைக்கும் வைட்டமின் 'ஏ' சத்துக் குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் நோய் உண்டாகிறது. ஆகையால் தோட்டமும் பிழைக்கவேண்டும், குடிநீர்க் கிணறும் வற்றாதிருக்கவேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே கைகூடும் வழிகள் கீழே கூறப்படுகின்றன.

1. ஜலம் வீணாகும் விதம்

பாத்தியில் ஊற்றும் நீர் முழுவதும் செடிக்குப் போய்ச் சேருவதில்லை. ஒரு பகுதி வெயிலாலும் காற்றாலும் மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிறது. ஒரு பகுதி வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடுகிறது. மணற்பாங்கான நிலத்தில் இந்நஷ்டம் அதிகம். எஞ்சியதை வேர் உறிஞ்ச, இலைகள் வெளியே விடுகின்றன. இலை வழியாகச் செல்வது செடியின் ஜீவனத்திற்கு அவசியமானது. முன் கூறிய இரண்டு நஷ்டங்களையும் குறைப்பதே சிக்கனமாகும். மட்கிய தொழுவுரம் கலந்த மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாதலால், மணல் நிலத்தார் முதலில் செய்யவேண்டியது உரமிடுதலே.

2. ஊற்றும் காலமும் அளவும்

தினந்தோறும் சிறிது நீர் தெளிப்பது பலருடைய வழக்கம். அந்நீர் மேல்மண்ணை மட்டும் நனைத்து, அன்று மாலைக்குள் காய்ந்துவிடுகிறது. வேர்களும் ஈரத்தை நாடி மேலாகவே படருமாதலால், ஒரு நாள் ஊற்றத் தவறினாலும் செடி வாடுகிறது. கத்தரி, மிளகாய், வெண்டை போன்றவற்றிற்கு நன்றாக நனையும்படி ஊற்றிச் சில நாள் இடைவிட்டு மறுபடி ஊற்றினால் வேர் ஆழமாக இறங்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் செலுத்திப் பார்க்கவேண்டும். அங்கே ஈரமிருந்தால் அன்று ஊற்றவேண்டியதில்லை. கீரைக்கும் இளநாற்றுக்கும் வேர் ஆழமில்லாமையால் அடிக்கடி சிறிது நீர் தேவை.

நடுப்பகலில் பூசணி, சுரை இலைகள் துவளுவதைக் கண்டு உடனே ஜலம் ஊற்றலாகாது. மாலையில் அவை தாமே நிமிரும். விடியற்காலையிலும் துவண்டிருந்தால் அதுவே மெய்யான தாகத்தின் அடையாளம். ஊற்றுவதற்குத் தகுந்த வேளை சூரியோதயத்திற்கு முன்னும் வெயில் தாழ்ந்த பின்னுமாம்.

3. மண்ணுக்குப் போர்வை

கூட்டிக் கொளுத்தும் சருகு, வைக்கோல், கரும்புத் தோகை, தேங்காய் மட்டை இவையெல்லாம் தோட்டத்திற்குப் போர்வையாகும். மண்ணை நன்றாக நனைத்த பிறகு இரண்டு மூன்று அங்குல கனத்திற்கு இவற்றைப் பரப்பினால் வெயில் மண்ணைத் தொடாது, களையும் குறையும், நாளடைவில் மட்கி உரமாகவும் ஆகும். தண்டைச் சுற்றி நான்கு விரற்கடை இடம் விடவேண்டும். இல்லாவிடில் தண்டு அழுகும். கறையான் மிகுந்த இடங்களில் போர்வையை அடிக்கடி கிளறிப் பார்ப்பது நலம்.

4. மண்பானைப் பாசனம்

பூச்சுப் பூசாத, நன்கு நீர் கசியும் மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடவேண்டும். மண் காயும்போது பானையிலிருந்து நீர் மெல்லக் கசியும். மண் ஈரமாயிருக்கும்போது கசிவு தானே குறையும். பானையைச் சுற்றி ஒரு சாண் தூரத்திற்குள் பாகல், புடல், சுரை, பூசணி விதைகள் மூன்று நான்கு ஊன்றலாம். இம்முறை சீன தேசத்தில் இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே வழக்கத்திலிருந்தது. பானையைத் தேர்ந்தெடுக்க, நீர் நிரப்பி ஓரிரவு வைத்திருந்து, வெளிப்புறம் முழுதும் ஈரம் கசிந்திருப்பதைக் கொள்க. உப்பு நீரை ஊற்றினால் துவாரங்கள் விரைவில் அடைபடும். வாயை மூடாவிடில் கொசு உற்பத்தியாகும் என்பதை மறத்தலாகாது.

5. கழிவு நீர்

நால்வருள்ள குடும்பத்தில் ஒருவர் குளிக்க 15 லிட்டர் செலவாகிறதென்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 60 லிட்டர், அதாவது ஏறக்குறைய நான்கு குடம், தெருவில் ஓடிச் சேறாகிறது. இந்நீரை வாய்க்கால் வெட்டி வாழை, தென்னை, கல்வாழை இவற்றின் அடிக்குத் திருப்பலாம். சோப்பு நீரைக் கீரைமேலும் பச்சையாக உண்ணும் காய்கள்மேலும் படவிடலாகாது. ஒரே இடத்தில் நாள்தோறும் விட்டால் மண் இறுகிக் கெடுமாதலால் இடம் மாற்றவேண்டும். அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் எச்செடிக்கும் ஏற்றவை.

6. தொட்டிச் செடிகள்

துளசி, மல்லிகை முதலியன வளரும் மண்தொட்டிகளில் பக்கங்கள் வழியாகவும் நீர் ஆவியாகும். தொட்டிகளைத் தனித்தனியே வைக்காமல் நெருக்கி வைத்தலும், கோடையில் பிற்பகல் நிழலுள்ள கிழக்குப் புறத்திற்கு மாற்றுதலும் நன்மை தரும். மண்ணோடு தென்னைநார்க் கழிவு சிறிது கலந்தால் ஈரம் நிற்கும்.

7. மழையை வரவு வைத்தல்

ஒரு சதுர மீட்டர் கூரைமேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீராகும். 40 சதுர மீட்டர் கூரைமேல் 50 மில்லிமீட்டர் பெய்யும் ஒரே மழையில் 2,000 லிட்டர் விழுகிறது. 2003-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அமைத்த குழிகளில் மண் தூர்ந்துவிட்டால் பயனில்லை. ஐப்பசி மழைக்கு முன்னர் ஒவ்வொரு வருஷமும் கூரையையும் குழியையும் சுத்தம் செய்யவேண்டும்.

8. சங்கத்தின் கடமை

கிணற்று நீர் ஊராரின் பொது முதல். வரவறிந்து செலவு செய்யாத குடும்பம் கடனில் மூழ்குவதுபோல, மழை தந்ததற்கு மேல் இறைக்கும் ஊர் வறட்சியில் மூழ்கும். ஒருவர் மிச்சப்படுத்தியதை மற்றொருவர் வீணாக்கினால் யாருக்கும் மிச்சமில்லை. ஆகையால் இது சங்கம் கூடிச் செய்யவேண்டிய காரியமாகும். அங்கத்தினர்கள் சேர்ந்து குயவரிடம் மொத்தமாகப் பானைகள் செய்விக்கலாம். மாதந்தோறும் ஒரே நாளில் பொதுக் கிணற்றின் நீர்மட்டத்தை முடிச்சிட்ட கயிற்றால் அளந்து, சங்கக் கட்டடத்தின் சுவரில் யாவரும் காண எழுதிவைக்கலாம். கணக்கைக் கண்ணால் காணும் ஊரில் சிக்கனம் தானே வரும்.

ஞாபகத்தில் வைக்கவேண்டியவை: விரலால் மண்ணைச் சோதித்து ஊற்றுக, மண்ணை மூடிவைக்க, குளித்த நீரை வாழைக்கு விடுக, பானையின் வாயை மூடுக, கிணற்றை மாதம் ஒருமுறை அளந்து எழுதுக.