நகரும் பட்டறை மேசை: சக்கரம் எது, பக்கப் பலகை எந்தப் பக்கம்?

காலையில் கார் கிளம்பியதும் போர்டிகோ பட்டறையாகிறது. மாலையில் கார் திரும்புவதற்குள் மேசை, மரம், தூள் எல்லாம் சுவரோரம் ஒதுங்கியாக வேண்டும். வீட்டில் தனி அறை ஒதுக்க முடியாமல், மரவேலையையும் விட முடியாமல் இருக்கும் பலருக்கு இதுதான் நிலைமை. தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அழுத்திப் பிடித்து இழைத்த பழைய தச்சர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பையைத் தோளில் மாட்டினால் அவர்களுடைய பட்டறையே கூட வந்துவிடும். நின்று வேலை செய்யப் பழகிவிட்ட நமக்கு மேசை வேண்டும், அது உருள வேண்டும், நீளமான பலகை வந்தால் இரண்டு பக்கமும் விரியவும் வேண்டும்.

இப்படி ஒரு மேசை செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் அது எப்படி நகரும் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாலு காலுக்கும் 2 அங்குல பிரேக் சக்கரம் வைத்து, ஒரு தேக்குப் பலகையை வைஸில் இறுக்கி இழைப்புளியைத் தள்ளினேன். முதல் தள்ளிலேயே மேசை விரற்கடை அளவு முன்னால் போனது, அடுத்த தள்ளில் திரும்பி நின்றது. பிரேக் எல்லாம் போட்டுத்தான் இருந்தது. குனிந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது: சக்கரம் பூட்டியிருந்தது, சக்கரத்தைத் தாங்கும் கழுத்து பூட்டவில்லை. சுழலும் சக்கரம் தன் கழுத்துக்கு நேர் கீழே தரையைத் தொடுவதில்லை, சற்று விலகித்தான் தொடுகிறது. அந்த விலகல் அளவுக்கு மேசை ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே எந்தச் சக்கரத்தைப் பார்த்தாலும் ‘இது எப்படி நிற்கும்’ என்றே முதலில் கேளுங்கள்.

கைக்கருவியே உங்கள் வேலையில் முக்கியம் என்றால், வேலை நேரத்தில் மேசையின் மரக்கால் தரையில் ஊன்ற வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு பக்கத்துக் கால்களில் மட்டும் திரும்பாத சக்கரம் இரண்டைத் தரையைத் தொட்டும் தொடாமலும் பொருத்துவது ஒன்று. மறுபக்கத்தைத் தூக்கினால் சக்கரம் தரையில் பட்டு, தள்ளுவண்டி போல உருளும். செலவு குறைவு, பழுதாக எதுவும் இல்லை. ஆனால் கருவிகளோடு 110 கிலோ வரும் மேசையில் ஏறக்குறைய பாதியைக் கையால் தூக்க வேண்டியிருக்கும். இடுப்புவலி உள்ளவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

மற்றது நான் இப்போது வைத்திருப்பது. இரண்டு முனைக் கால்களின் உட்புறமும் கீல் போட்ட ஒரு பலகை, அதன் அடியில் இரண்டு சக்கரம். பலகையைக் காலால் மிதித்தால் மேசையின் அந்தப் பக்கம் முக்கால் அங்குலம் எழும்பும். மேலிருந்து ஒரு கட்டை விழுந்து பலகையைத் தாங்கிக்கொள்ளும். கட்டையில் கட்டிய கயிற்றை இழுத்தால் மேசை மறுபடி காலில் உட்காரும். இதே வேலையைச் செய்யும் இரும்புப் பெடல் சக்கரங்களும் விலைக்குக் கிடைக்கின்றன. கையால் செய்ய நேரமில்லாதவர்கள் அதை வாங்கலாம்.

இழைப்பதே இல்லை, எல்லாம் மிஷின்தான் என்பவர்களுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். சக்கரத்தையும் கழுத்தையும் ஒரே மிதியில் பூட்டும் சக்கரம் நான்கு போதும். கடையில் கேட்கும்போது ‘பிரேக் வீல்’ என்று மட்டும் சொல்லாமல், பூட்டிய பிறகு கழுத்தைக் கையால் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

அளவைப் பொறுத்தவரை 4 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். பார்க்கிங் டைல்ஸின் பள்ளத்தில் சின்னச் சக்கரம் சிக்கிக்கொள்ளும், மேசை தலைகுப்புறச் சாயப் பார்க்கும். சுமையைக் கணக்கிடும்போது நாலால் வகுக்காதீர்கள். மேடுபள்ளமான தரையில் ஒரு நேரத்தில் மூன்று சக்கரமே முழுப் பாரத்தையும் தாங்கும். மரத்தோடு சேர்த்து 140 கிலோ என்றால் ஒரு சக்கரம் குறைந்தது 47 கிலோ தாங்க வேண்டும். 60 கிலோ தாங்குவதாக வாங்கினால் நிம்மதி.

அடுத்தது மடக்கும் பக்கப் பலகை. அதை நீளவாட்டில் வைப்பதா, முனையில் வைப்பதா? பலரும் நீளவாட்டில் வைக்கிறார்கள், பார்க்க விசாலமாக இருக்கும். நான் முனைப் பக்கம்தான் சொல்வேன், அதற்குக் கணக்கும் உண்டு. 4 அடிக்கு 2 அடி மேல்பலகை, கால்கள் எல்லாப் பக்கமும் ஓரத்திலிருந்து 2 அங்குலம் உள்ளே, பக்கப் பலகை நீங்கலாக எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2 அடி வெளியே நீளும் பக்கப் பலகையை நீளவாட்டில் மாட்டி, அதன் மேல் 20 அங்குலம் தள்ளிப் பாரம் வைத்தால் 22 கிலோவிலேயே மேசை கவிழத் தொடங்கும். ஒரு ஆள் கையூன்றிச் சாய்ந்தாலே போதும். அதே நீளத்துக்கு முனையில் மாட்டினால் 57 கிலோ வரை தாங்கும். இரு முனையிலும் 2 அடி விரித்தால் மொத்தம் 8 அடி வரும், அதாவது முழு பிளைவுட் ஷீட்டின் நீளம். 18 மிமீ ஷீட் ஒன்று ஏறக்குறைய 35 கிலோ இருக்கும். தனியாளாக அதை அறுத்தவர்களுக்கு இந்த 8 அடியின் அருமை தெரியும். கனமான கருவிகளைக் கீழ்த்தட்டில் வையுங்கள், கவிழும் பயம் இன்னும் குறையும்.

பலகையை எது தாங்குவது? ஜோடியாக விற்கும் மடக்கு பிராக்கெட் சுலபமானது. ஓர் அடிப் பலகைக்கு அது போதும். அதற்கு மேல் போனால் நுனி தொங்கும், தொங்கியதை நிமிர்த்த வழியில்லை. பலகைக்கே மடக்குக் கால் வைத்துத் தரையில் ஊன்றும் முறை வீட்டுக்குள் சரிதான், போர்டிகோவில் சரிவராது. தண்ணீர் வடிய அந்தத் தரையைக் கேட் பக்கம் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். மேசையை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் காலின் உயரத்தைத் திருத்த வேண்டி வரும். மேல்பலகைக்கு அடியிலிருந்து இழுக்கும் சட்டம் உறுதியானது, ஆனால் இழுப்பறைக்கான இடத்தை அது எடுத்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது கதவு போலத் திறக்கும் முக்கோணத் தாங்கி. 18 மிமீ பிளைவுட்டில் முக்கோணமாக அறுத்து, அதன் நிமிர்ந்த பக்கத்தை மேசைக்காலில் கீல் போட்டு மாட்டினால் முடிந்தது. மூலைத் துண்டுகளிலேயே செய்துவிடலாம். மடக்கும்போது இது சட்டத்துக்கும் தொங்கும் பலகைக்கும் நடுவில் படுக்க வேண்டும். மேல்பலகையை 2 அங்குலம் வெளியே நீட்டச் சொன்னது இதற்காகவும்தான். பலகைக்குப் பியானோ கீல் நல்லது, அதை அடிப்பக்கம் போடுங்கள். மேலே போட்டால் கீலின் முதுகு புடைத்து ஒவ்வொரு மரத்திலும் கீறல் விழும்.

தாங்கியின் நுனியில், பலகையின் அடி உட்காரும் இடத்தில், ஒரு 8 மிமீ போல்ட்டை நட்டோடு செங்குத்தாகப் பதியுங்கள். போல்ட்டின் தலைதான் பலகையைத் தாங்கும். ஒரு முழுச் சுற்று 1.25 மிமீ, கால் சுற்று 0.3 மிமீ ஏற்றும். நீண்ட நேர்ச்சட்டம் ஒன்றை மேசைக்கும் பலகைக்கும் குறுக்கே வைத்து, பின்னால் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஸ்பானரைத் திருப்பினால், ஐந்து நிமிடத்தில் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் மரம் ஊதினாலும் மறுபடி கால் சுற்றுதான் வேலை.

சட்டத்துக்கு இரும்பா, மரமா? 40 மிமீ சதுரக் குழாயில் செய்தால் 22 கிலோ அளவில் சட்டம் முடியும், வேலையும் சீக்கிரம். ஆனால் வெல்டிங் சூட்டில் முறுக்கிக்கொண்டால் நாலு காலும் சேர்ந்து தரையில் நிற்காது. கடலோர ஊர்களில் துரு வேறு. நான் பழைய மரக்கடையில் எடுத்த கதவு நிலைச்சட்டத்தைச் சொல்வேன். பல வருஷம் காய்ந்த மரம் இனிமேல் எளிதில் வளையாது. இழைக்கும் முன் ஒரு காந்தத்தை நாலு முகத்திலும் நிதானமாக ஓட்டுங்கள். உள்ளே புதைந்த ஒரு ஆணித்தலை போதும், இழைப்புளி அலகின் முனை உடைந்துவிடும்.

மேல்பலகைக்கு எம்டிஎஃப் சமதளமாக இருக்கும். ஆனால் மழைச் சாரல் படும் இடத்தில் ஓரம் ஊதி மாவாகும். ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் 18 மிமீயில் இரண்டை ஒட்டிப் போடுங்கள். மேலே 6 மிமீ பிளை ஒன்றை ஸ்க்ரூவால் மட்டும் இறுக்கி வைத்தால், அறுவையும் துளையும் அதோடு நிற்கும், பழையதானதும் கழற்றி மாற்றலாம். உயரத்தை, சக்கரம் மடங்கி மேசை காலில் நிற்கும்போது அளந்து முடிவு செய்யுங்கள். 34 அங்குலம் பலருக்குப் பொருந்தும். டேபிள் ரம்பம் வைத்திருப்பவர்கள் ரம்பத்தின் தட்டைவிட 2 மிமீ தாழ்வாக மேசையை அமைத்தால், அறுபட்டு வரும் பலகை ஓரத்தில் இடிக்காமல் அதன் மேல் வழுக்கி வந்துவிடும்.