கல்வெட்டுப் பதிப்பில் எழுத்துருத் தேர்வு: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரப் பாண்டியர் கல்வெட்டுகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கல்வெட்டுப் பாடங்களை நூலாகவோ மின்பதிப்பாகவோ வடிவமைக்கும்போது எழுத்துருத் தேர்வு அழகியல் சார்ந்த இறுதிக்கட்டப் பணியாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அத்தேர்வு பாடத்தின் நம்பகத்தன்மையோடு நேரடித் தொடர்புடையது என்பதை அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரக் கல்வெட்டுகளின் எழுத்தியல்புகளைக் கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது. புள்ளி, எகர ஒகரக் குறில்நெடில், கிரந்த எழுத்து, எண்குறி ஆகிய நான்கு களங்கள் ஆராயப்பட்டு, பதிப்பாளர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எழுத்துரு, ஒருங்குறி, வட்டெழுத்து, புள்ளி, தமிழ் எண்கள், பாடப்பதிப்பு.

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் நிலப்பகுதியில் குண்டாற்றங்கரையில் அமைந்துள்ள திருச்சுழி, சுந்தரரின் பதிகம் பெற்ற திருமேனிநாதர் கோயிலால் அறியப்படும் ஊர். அதன் அருகிலுள்ள பள்ளிமடம் சிவன் கோயிலில் 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சோழன் தலைகொண்ட வீரபாண்டியன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. இவ்வட்டாரத்தைச் சார்ந்த குறண்டியோ, கழுகுமலை, சமணர்மலைக் கல்வெட்டுகளில் சுட்டப்பெறும் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப் பள்ளியால் புகழ்பெற்றது. முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளைத் தொகுத்துத் தரும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 14ஆம் தொகுதி 1962இல் வெளிவந்தது. அன்று இவ்வூர்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. 1985க்குப் பிறகே இன்றைய மாவட்டத்தின்கீழ் வந்தன.

இத்தகைய பாடங்களை ஆய்வேடுகளிலும் ஊர் வரலாற்று நூல்களிலும் மறுபதிப்புச் செய்வோர் கணினியில் கிடைக்கும் ஏதேனும் ஓர் எழுத்துருவைக் கொண்டு தட்டச்சு செய்கின்றனர். அங்குத்தான் சிக்கல் தொடங்குகிறது.

எழுத்தும் எழுத்துருவும்

கணினியில் தமிழ் எழுத்து இரு நிலைகளில் இயங்குகிறது. ஒன்று, எழுத்துக்கு வழங்கப்பட்ட குறியெண். மற்றொன்று, அக்குறியெண்ணுக்குத் திரையிலும் தாளிலும் தோன்றும் வரிவடிவம். முன்னது தரவு, பின்னது எழுத்துருவின் பணி. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் இவ்விரு நிலைகளும் பிரிக்கப்படவில்லை. உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டிருந்தமையால், எழுத்துரு நீங்கினால் பாடமும் பொருளற்ற உரோமன் எழுத்துத் தொகுதியாகிவிடும். 1999இல் தமிழ்நாட்டரசு அறிவித்த டாம், டேப் குறியேற்றங்கள் இக்குழப்பத்தை ஒழுங்குபடுத்த முயன்றன. 2010இல் ஒருங்குறியும் டேஸ் 16 குறியேற்றமும் அரசின் தரங்களாக ஏற்கப்பட்டன.

ஒருங்குறிக்கு மாறிய பின்னும் சிக்கல் முற்றிலும் நீங்கவில்லை. தோற்றத்தில் ஒத்த இருவேறு குறிகளுள் எதைத் தட்டச்சு செய்தாலும் தாளில் வேறுபாடு தெரிவதில்லை. ஔகார உயிர்மெய்யின் இறுதிக் குறிக்கு மாற்றாக ளகரத்தை இட்டு ‘கௌ’ என்பதைக் ‘கெள’ என எழுதுதல் இதற்குப் பரவலான சான்று. கண் ஏற்றுக்கொள்ளும் இப்பிழையைத் தேடுபொறி ஏற்பதில்லை. சொல்லடைவு உருவாக்கும்போது ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

புள்ளியும் குறில்நெடிலும்

வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. சில இடங்களில் மட்டும் காணப்படும். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபடுவதில்லை. இன்று வழங்கும் இரட்டைச்சுழிக் கொம்பு வீரமாமுனிவர் (1680–1747) காலத்தையொட்டி நிலைபெற்றதாகக் கருதப்படுகிறது. ஆகவே கல்லிலுள்ள ஒரே எழுத்துத்தொடர் ‘எரி’ எனவும் ‘ஏரி’ எனவும் படிக்க இடந்தரும். அவ்வாறே ‘கொல்’, ‘கோல்’ ஆகிய இரண்டும் கல்லில் ஒரே தோற்றம் பெறும். மழை குறைந்து, நீர்நிலைகளை நம்பி வேளாண்மை நிகழும் இவ்வட்டாரத்தில் ஏரியும் நிலமளக்கும் கோலும் ஆவணங்களின் உயிர்நிலையான சொற்கள். அவற்றின் நெடிலைத் துணிவது பதிப்பாசிரியர், கல் அன்று. குறண்டி அமைந்த ‘வெண்பு நாடு’ என்னும் பெயரின் முதலெழுத்தைக் குறிலாகக் கொள்வதும் இத்தகையதொரு துணிபே.

பிற்காலத் தமிழெழுத்துக் கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் கால் என்னும் துணைக்குறியும் ரகரமும் ஒரே வடிவாக அமையும் இடங்கள் பல. அங்குக் ‘கா’ என்பதும் ‘கர’ என்பதும் சூழலாலேயே பிரித்தறியப்படுகின்றன.

இத்துணிபுகளை இன்றைய எழுத்துருவில் தடையின்றி அச்சிடும்போது, பதிப்பாசிரியரின் முடிவு கல்லின் சான்றாகத் தோற்றமளிக்கிறது. எல்லா மெய்களுக்கும் புள்ளியிட்டு அச்சிட்டால், கல்லில் உண்மையாகவே புள்ளி பெற்ற அரிய இடங்கள் மறைந்துபோகின்றன. புள்ளியின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இது ஈடுசெய்ய இயலாத இழப்பு. மறுதலையாக, புள்ளியே தோன்றாத எழுத்துருவொன்றை உருவாக்கி அதில் அச்சிடுவதும் தீர்வாகாது. தோற்றத்தில் இல்லாத புள்ளி தரவில் ஒளிந்திருக்கும். எழுத்துரு மாறியவுடன் வெளிப்படும். கல்லில் உள்ளவாறு ஓர் அடுக்கும் பதிப்பாசிரியர் வாசிப்பாக மற்றோர் அடுக்கும் தனித்தனியே தட்டச்சு செய்யப்படுவதே பொருத்தமான முறை.

கிரந்த எழுத்துகள்

பாண்டியர் கல்வெட்டுகளில் மங்கலத் தொடக்கமும் வடசொற்களும் கிரந்த எழுத்தில் அமைவது பெருவழக்கு. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் தொடக்ககாலத் தொகுதிகள் பலவற்றில் இவ்வேறுபாடு கிரந்த அச்செழுத்துகளால் காட்டப்பட்டது. இன்றைய மறுபதிப்புகளில் ஸ, ஷ, ஜ, ஹ ஆகியவை தமிழ் எழுத்துருவிலேயே அமைகின்றன. எஞ்சிய கிரந்த எழுத்துகள் தமிழ் எழுத்துகளாக மாற்றப்படுகின்றன. இதனால் கல்வெட்டை வரைந்தவர் எந்தச் சொல்லை எந்த எழுத்துமுறையில் எழுதினார் என்னும் செய்தி அழிகிறது.

கிரந்தம் 2014இல் ஒருங்குறியில் இடம்பெற்றது. அதற்குரிய நோட்டோ எழுத்துருக்களும் உள்ளன. எனவே இவ்விழப்பைத் தவிர்க்கத் தொழில்நுட்பத் தடையில்லை. வட்டெழுத்தின் நிலை வேறு. அதற்குத் தனிக் குறியெண் தொகுதி இல்லை. வட்டெழுத்து வடிவில் அமைந்த எந்த எழுத்துருவும் தமிழ்க் குறியெண்களின்மேல் போர்த்தப்பட்ட உருவமாகவே அமையும். அதனை நூலட்டைக்கும் கற்பித்தலுக்கும் பயன்படுத்தலாம், சான்றாகக் காட்டலாகாது. சான்றுக்கு மைப்படியின் ஒளிப்படமே உரியது.

மங்கலச் சொல்லான ‘ஸ்ரீ’ தனிக் கவனத்துக்குரியது. இது ஸகரத்தை முதலாகக் கொண்டும், 2005இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தை முதலாகக் கொண்டும் தட்டச்சு செய்யப்படுகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். ஒரு தொகுப்பு முழுவதும் ஒரே முறையைப் பின்பற்றாவிடின் தேடலில் பாதிக் கல்வெட்டுகள் விடுபடும்.

எண்களும் பின்னங்களும்

நந்தா விளக்குக்கு அளிக்கப்பட்ட ஆடுகளின் தொகை, இறையிலி நிலத்தின் பரப்பு, ஆட்சியாண்டு ஆகியவையே கொடைக் கல்வெட்டின் பொருளடக்கம். தமிழ் எண்குறிகளுள் பல எழுத்துகளை ஒத்தவை: ௧ ககரத்தையும், ௨ உகரத்தையும், ௭ எகரத்தையும், ௮ அகரத்தையும், ௰ யகரத்தையும் ஒக்கும். எண்குறி இல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோர் ஒத்த எழுத்தையே எண்ணாக இட்டனர். அப்பாடம் ஒருங்குறிக்கு மாற்றப்படும்போது ஐம்பதைக் குறிக்கும் ‘௫௰’ என்பது ‘ருய’ என எஞ்சுகிறது, எண் சொல்லாகிவிடுகிறது.

மரபுமுறையில் ‘௫௰’ ஐம்பது, ‘௰௫’ பதினைந்து. இடமதிப்பு முறையை மனத்திற்கொண்டு குறிக்குக் குறி மாற்றினால் ஐம்பது ஆடுகள் 510 ஆகும். ஆகவே மூலக்குறியை அவ்வாறே காட்டி, இன்றைய எண்ணை அடைப்பில் தருதல் வேண்டும்.

நில அளவைக்கு மா (1/20), காணி (1/80), முந்திரிகை (1/320) ஆகிய பின்னங்கள் இன்றியமையாதவை. இவை 2019இல் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பின் தமிழ்த் துணைத்தொகுதியில், 51 குறிகளுள் அடங்கின. விண்டோசுடன் நெடுங்காலம் வழங்கிய லதா போன்ற எழுத்துருக்களில் இக்குறிகள் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் இவற்றைக் கொண்டுள்ளது. பாட எழுத்துருவும் பின்ன எழுத்துருவும் வேறாக அமையும்போது அவற்றின் கோட்டுத்தடிப்பும் அளவும் ஒத்திருக்குமாறு சரிசெய்தல் வடிவமைப்பாளர் கடமை.

வடிவமைப்பு நெறிகள்

பாட எழுத்துருவைத் தெரிவு செய்வதற்குமுன் அதே தாளில், அதே அளவில் மாதிரி அச்சிட்டுப் பார்த்தல் வேண்டும். எ – ஏ, ஒ – ஓ, ெ – ே, ண – ன ஆகிய இணைகள் சிறிய அளவிலும் தெளிவாகப் பிரிந்து தோன்றுகின்றனவா, புள்ளி மையில் அடைபடாது நிற்கிறதா என்பவை முதன்மைச் சோதனைகள். அலங்கார எழுத்துருக்கள் தலைப்பளவில் நிற்றல் நலம்.

கல்வெட்டுப் பதிப்பில் சிதைந்த எழுத்துகளைப் பகர அடைப்பும், பதிப்பாசிரியர் நிரப்பியவற்றை உடுக்குறியோடு கூடிய அடைப்பும் சுட்டுவது மரபு. இவற்றுக்கு மாற்றாகச் சாய்வெழுத்தைப் பயன்படுத்துதல் பொருந்தாது. சாய்வு தமிழ் அச்சு மரபில் வேரூன்றவில்லை, நகலெடுக்கும்போதும் நீங்கிவிடும். அடைப்புக்குறியோ பாடத்தோடு நிலைத்திருக்கும்.

1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பதிப்புகளை எடுத்தாளும்போது ணை, லை, றா, னா முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவம் பற்றிய ஐயம் எழுகிறது. அவ்வடிவங்களுக்குத் தனிக் குறியெண் இல்லை. வேறுபாடு எழுத்துருவுக்கே உரியது. முந்தைய பதிப்பின் தோற்றத்தை ஆராயும் நூலுக்கு மட்டும் லோகித் தமிழ் கிளாசிகல் போன்ற பழைய வடிவ எழுத்துருவைக் கொள்ளலாம். ஏனையவற்றுக்கு இன்றைய வடிவமே போதும்.

முடிவுரை

1. பாடம் எழுத்துருவைச் சாராது நிற்றல் வேண்டும். எழுத்துருவை மாற்றிய பின்னும் பொருள் மாறாத பாடமே நம்பத்தக்கது.

2. கல்லில் உள்ளதும் பதிப்பாசிரியர் துணிந்ததும் இரு அடுக்குகளாகத் தரப்படல் வேண்டும்.

3. எண்களும் பின்னங்களும் உரிய குறியெண்களிலேயே அமைய வேண்டும். ஒத்த எழுத்துகளை இடுதல் தரவுப் பிழையாகும்.

4. பயன்படுத்திய எழுத்துரு, குறியேற்றம், ஸ்ரீ முதலியவற்றுக்குக் கொண்ட முறை ஆகியவை பதிப்புரையில் குறிக்கப்படல் வேண்டும். திறந்த உரிமம் உடைய எழுத்துருக்களைக் கொண்டு, அவற்றை மின்னூலுள் பொதிந்து தருதல் பிற்கால ஆய்வாளர்க்கு உதவும்.

கோயில் திருப்பணிகளில் கற்கள் இடம்மாறுகின்றன. சுண்ணமும் வண்ணமும் எழுத்துகளை மூடுகின்றன. பல ஊர்களில் கல்லுக்கு எஞ்சும் ஒரே சாட்சி அச்சிட்ட பாடமே. அச்சாட்சி திரியாமல் காக்கும் பொறுப்பில் எழுத்துருவைத் தெரிவு செய்வோர்க்கும் பங்குண்டு.