செவிலியர் தேர்வும் நோயாளியின் பாதுகாப்பும்

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில் உள்ள புத்தூர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஊராகத் தமிழகமெங்கும் அறியப்பட்டதாகும். பச்சிலைச் சாந்து, முட்டை வெண்கரு, துணி, மூங்கில் தப்பை ஆகியவற்றைக் கொண்டு போடப்படும் ‘புத்தூர் கட்டு’ என்னும் பெயர்ப்பலகையைத் தமிழகத்தின் பல ஊர்களில் இன்றும் காணலாம். செலவு குறைவு, அறுவை இல்லை, மருத்துவமனையில் தங்கிக் கூலியை இழக்க வேண்டியதில்லை. ஏழைக் குடும்பங்கள் இதை நாடுவதற்கு இவையே காரணங்களாகும்.

எந்தக் கட்டுக்கும் ஓர் அபாயம் உண்டு. முறிந்த உறுப்பு வீங்கும்போது கட்டு இறுகி, தசைகளுக்குள் அழுத்தம் மிகுந்து, இரத்த ஓட்டம் தடைப்படக்கூடும். மருத்துவர்கள் இதனைக் ‘கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்’ என்பர். மூங்கில் தப்பைக்கு மட்டுமன்றி, மருத்துவமனையில் போடப்படும் மாவுக்கட்டுக்கும் இது பொருந்தும். இறுகிய கட்டுகளுக்குப் பின் கை மடங்கிச் செயலிழப்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் 1881ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். இரத்த ஓட்டமின்றி ஏறக்குறைய 6 மணி நேரம் கழிந்தால் தசைக்கு ஏற்படும் சேதம் பெரும்பாலும் மீளாததாகிவிடும்.

இந்த 6 மணி நேரத்தில் நோயாளியின் அருகில் இருப்பவர் பெரும்பாலும் செவிலியரே. மருத்துவர் வந்து பார்த்துச் செல்கிறார்; செவிலியர் தொடர்ந்து கவனிக்கிறார். ஆகவே, ஒருவரைச் செவிலியராகப் பதிவு செய்வதற்கு முன் அவரிடம் எதைச் சோதிக்க வேண்டும் என்பது கல்வித்துறையோடு நின்றுவிடும் கேள்வியன்று. அது நோயாளியின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வியுமாகும்.

தேர்வு முறையில் மாற்றம்

சித்தூர்ப் பகுதி சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த காலத்தில், 1926ஆம் ஆண்டில், செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் பதிவுக்கான மாகாணச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுவதற்குமான இந்திய செவிலியர் மன்றச் சட்டம் 1947இல் வந்தது. 2023ஆம் ஆண்டில் தேசியச் செவிலியம் மற்றும் பேறுகால உதவி ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இச்சட்டங்கள் பதிவுக்கும் கல்வித் தரத்திற்கும் வழிவகுத்தன. எனினும், ‘குறிப்பு வரைக’, ‘இலக்கணம் தருக’ போன்ற வினாக்களுக்கு நினைவாற்றலைக் கொண்டே மதிப்பெண் பெற்றுவிட இயலும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பதிவுபெற விரும்பும் செவிலியர் எழுத வேண்டிய ‘என்கிளெக்ஸ்’ தேர்வு 2023 ஏப்ரல் 1 முதல் மாற்றியமைக்கப்பட்டது. இத்தேர்வில் 85 முதல் 150 வரை வினாக்கள் உண்டு. அதிகபட்ச நேரம் 5 மணி. அவற்றுள் மூன்று நோயாளிகளின் வரலாறுகள் தரப்பட்டு, ஒவ்வொன்றைப் பற்றியும் 6 வினாக்கள் கேட்கப்படுகின்றன. சில வினாக்களில் பகுதியளவு சரியான விடைக்கும் மதிப்பெண் உண்டு. இந்த 6 வினாக்களும் தீர்மானத் திறனின் 6 படிகளைத் தழுவியவை: குறிகளைக் கண்டறிதல், அவற்றின் பொருளை ஆராய்தல், முன்னுரிமை அளித்தல், வழிகளை வகுத்தல், செயற்படுதல், பயனை மதிப்பிடுதல்.

ஒரு பயிற்சி வினா

இந்த 6 படிகளையும் புத்தூர் வட்டாரச் சூழலில் பொருத்திப் பார்க்கலாம். பின்வருவது பயிற்சிக்காக அமைக்கப்பட்ட கற்பனை நிகழ்ச்சி.

மரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்த 8 வயதுச் சிறுவனுக்குக் காலையில் கிராமத்தில் கட்டுப் போடப்பட்டது. இரவு 7 மணிக்கு வலி தாங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். அதே நேரத்தில் பிரிவில் ஒருவருக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். மற்றொருவர் உணவுக்குக் காத்திருக்கும் நீரிழிவு நோயாளி. இன்னொருவர் வீடு திரும்பும் சீட்டைக் கேட்கிறார். செவிலியர் முதலில் யாரிடம் செல்லவேண்டும்?

முதற்படி, குறிகளைக் கண்டறிதல். காயத்திற்குப் பொருந்தாத கடும் வலி, வலி மருந்து கொடுத்தும் தணியாமை, விரலை மெல்ல நீட்டும்போது வலி மிகுதல், விரல் நுனிகள் வெளுத்துக் குளிர்ந்திருத்தல், மரத்துப் போதல் ஆகியவற்றைச் செவிலியர் நோக்குகிறார். நகத்தை அழுத்தி விட்டால் செந்நிறம் ஏறக்குறைய 2 வினாடிகளில் திரும்ப வேண்டும். தாமதமும் ஒரு குறியாகும். மொழியும் இங்கே ஒரு கருவி. ஆந்திரத்துக் குழந்தை ‘திம்மிரி’ என்றும் தமிழ்க் குழந்தை ‘மரத்துப் போச்சு’ என்றும் கூறுவது ஒரே அறிகுறியையே. எல்லைப்புற மருத்துவமனையில் பணிபுரிபவர் இரண்டு சொற்களையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது படி, பொருளை ஆராய்தல். மணிக்கட்டில் நாடி துடிக்கிறது என்பதனால் அபாயம் இல்லை என்று முடிவு செய்யலாகாது. தொடக்க நிலையில் நாடி இருக்கக்கூடும். நாடி மறைவது தாமதமாகத் தோன்றும் குறியாகும். பாடப்புத்தகப் பட்டியலை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் பிழை செய்யும் இடம் இதுவே.

மூன்றாவது படியில் சிறுவனே முதலிடம் பெறுகிறான். நீரிழிவு நோயாளியின் உணவைச் சக ஊழியரிடம் ஒப்படைக்கலாம், காய்ச்சலைச் சற்றுப் பின் கவனிக்கலாம், சீட்டு காத்திருக்கலாம். நான்காவதும் ஐந்தாவதும் வழிகளை வகுத்துச் செயற்படுவது. மருத்துவருக்கு உடனே தகவல் தரவேண்டும். மருத்துவரின் உத்தரவின்படியோ மருத்துவமனையின் நெறிமுறைப்படியோ கட்டைத் தளர்த்தவேண்டும். கையை இதய மட்டத்தில் வைக்கவேண்டும். மிக உயர்த்தினால் இரத்த ஓட்டம் மேலும் குறையும். அறுவை தேவைப்படக்கூடுமாதலால் வாய்வழி உணவைத் தவிர்க்கவேண்டும். ஆறாவது படியில், செய்தவற்றால் பயன் உண்டா என்று நேரத்தைக் குறித்து மீண்டும் சோதிக்கவேண்டும். முன்னேற்றம் இல்லையெனில் மறுபடியும் அழைக்கவேண்டும்.

அழைக்கும் துணிவு

இரவில் மருத்துவரை எழுப்பத் தயங்குவது பயிற்சி மாணவியரிடம் இயல்பு. ‘குழந்தை அழுகிறான்’ என்று சொன்னால் அவசரம் விளங்காது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, கோரிக்கை என்ற வரிசையில் சொன்னால் விளங்கும். ‘முழங்கை முறிவுடன் வந்த 8 வயதுச் சிறுவன், காலையில் கட்டுப் போடப்பட்டது, விரல்கள் வெளுத்து மரத்துள்ளன, இரத்த ஓட்டம் தடைப்படுவதாகக் கருதுகிறேன், உடனே வந்து பார்க்க வேண்டுகிறேன்’ என்பது அரை நிமிடச் செய்தி. கட்டுப் போட்டவரைக் குறைகூறுவதால் எப்பயனும் இல்லை. கடிந்து பேசினால் அடுத்த முறை பெற்றோர் இன்னும் தாமதித்தே வருவர்.

செய்யத்தக்கவை

ஒரு குழந்தையின் கை செயலிழப்பது, வேளாண்மைக் கூலியையோ கைத்தொழிலையோ நம்பியுள்ள குடும்பத்திற்கு வாழ்நாள் முழுதும் தொடரும் வருமான இழப்பாகும். இதைத் தடுக்கப் பெருமுதலீடு தேவையில்லை. முதலாவதாக, செவிலியர் கல்லூரிகளின் இறுதித் தேர்வில் நோயாளி வரலாற்றை ஒட்டிய வினாக்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கலாம். இரண்டாவதாக, ஒவ்வொரு வட்டாரத்திலும் அடிக்கடி நேரும் இடர்களைக் கொண்டே இவ்வினாக்களை அமைக்கலாம். புத்தூருக்குக் கட்டு, மலையோரச் சிற்றூர்களுக்குப் பாம்புக்கடி. மூன்றாவதாக, பாரம்பரியக் கட்டாளர்களையும் அழைத்து, விரல் நிறம் மாறினால் உடனே அனுப்பிவைக்குமாறு அறிவுறுத்தலாம். நான்காவதாக, நேர்ந்த பிழையைத் தெரிவிக்கும் செவிலியரைத் தண்டிக்காத நடைமுறையை மருத்துவமனைகள் ஏற்கலாம். மறைக்கப்பட்ட பிழை மீண்டும் நேரும்.

தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் மாணவர்கள் நாள்தோறும் தாம் கவனிக்கும் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, இந்த 6 படிகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் நலம். வெளிநாட்டுத் தேர்வில் வெற்றிபெற அது துணைபுரியும். அதைவிட முக்கியமாக, இரவு 7 மணிக்கு வந்த அச்சிறுவனின் கை அவனுக்கே மிஞ்சும்.